நாக்கில் படாத சாப்பாடு: 13 நாள் டிபிஎன் பற்றி ஒரு மெஸ்காரனின் விமர்சனம்

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன சைவ மெஸ். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பற்றி எழுதுவது என் பழக்கம். சாம்பாரில் போட்டது கட்டிப் பெருங்காயமா தூளா என்பது வரைக்கும் சண்டை போட்டு எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதப்போகும் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டவளுக்கும் அதன் ருசி தெரியாது. என் மகள் பிறந்து இரண்டாம் நாளிலிருந்து 13 நாள் அவளுடைய ரத்தக்குழாய்க்குள் ஏற்றிய சாப்பாடு அது. ஆஸ்பத்திரியில் அதற்கு டிபிஎன் என்று பெயர். வயிற்றைத் தொடாமல், தேவையான எல்லாச் சத்தையும் நரம்பு வழியாகவே கொடுப்பது. நரம்பு என்று நாம் சொல்வது ரத்தக்குழாயைத்தான்.

என் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறிவிட்டது. இனிமேல் காத்திருந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள். 29 வாரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடை 1,080 கிராம். எங்கள் மெஸ்ஸில் ஒரு வேளைக்கு ஊறப்போடும் உளுந்தே அதைவிட அதிகம். அவளை வைத்திருந்த இன்குபேட்டர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் அவளுக்குப் பெயர் கிடையாது, "பேபி ஆஃப்" என்று போட்டு என் மனைவி பெயர்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். நல்லதும் நடந்தது, சொதப்பலும் நடந்தது. இரண்டையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் எனக்கே புரியாத ஒன்று: ஏன் பால் கொடுக்கக் கூடாது? அம்மா மறுநாள் காலையிலேயே சேனை வைப்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு வெள்ளிச் சங்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொன்ன காரணம் இதுதான். 29 வாரக் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யத் தெரியாது. அது 34 வார வாக்கில்தான் கைகூடும். குடலும் தயாராக இல்லை. எடுத்த எடுப்பில் முழு அளவு பால் ஊற்றினால் குடலே அழுகிப்போகும் அபாயம் உண்டு. ஆனால் பட்டினி போடவும் முடியாது. கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துவைக்கும். இவள் அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு வந்துவிட்டாள். ஒரு கிலோ குழந்தையிடம் இருக்கும் கையிருப்பு நான்கைந்து நாளுக்குத்தான் வரும். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் வைத்திருந்தால் உடம்பிலுள்ள புரதத்தில் தினமும் நூற்றில் ஒரு பங்கு கரையும்.

இதைக் கேட்ட பிறகுதான் என் முதல் புகார் எனக்கே உறைத்தது. சனிக்கிழமை இரவு பிறந்தவளுக்குப் புரதம் ஏற ஆரம்பித்தது திங்கட்கிழமை மதியம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை. புரதம் அமினோ அமிலமாகத்தான் ஏறும்; குழந்தைகளுக்கான அந்த பாட்டில் அங்கே பார்மஸியில் இருப்பு இல்லை, மொத்த வியாபாரி கடை திறக்கவில்லை. ஏறக்குறைய 36 மணி நேரம் அவளுக்கு ஏறியது குளுக்கோஸ் மட்டும். ஐரோப்பியக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலேயே அமினோ அமிலம் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், கிலோவுக்குக் குறைந்தது ஒன்றரை கிராம். இதை நான் பிற்பாடுதான் படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை அரிசி இல்லை என்று நான் சொன்னால் ஊர் சிரிக்கும். பிள்ளை பிறப்பதற்கு நாள் கிழமை கிடையாது என்று தெரிந்த இடத்தில் இரண்டு பாட்டில் கையிருப்பு வைத்திருக்கலாம்.

சரி, மெனுவுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை சார்ட்டை டியூட்டி டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முகம் சுளித்தார், ஆனாலும் காட்டினார். மொத்தத் திரவம் நாளொன்றுக்கு 86 மில்லி. அதில் சர்க்கரை 9.3 கிராம். பத்து சதவீத அமினோ அமிலக் கரைசல் 21.6 மில்லி, அதாவது இரண்டு கிராம் சொச்சம் புரதம். இருபது சதவீத எண்ணெய்க் கரைசல் 5.4 மில்லி, அதாவது ஒரு கிராம் சொச்சம் கொழுப்பு. கூட சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின்கள். மொத்தம் 50 கலோரிக்குப் பக்கம். எங்கள் மெஸ் இட்லி ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க, ஒரு இட்லி. அதையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் 24 மணி நேரத்துக்கு இழுத்து இழுத்துக் கொடுக்கிறார்கள். எண்ணெய் ஒரு மணி நேரத்துக்கு 0.2 மில்லி என்று சிரிஞ்ச் பம்ப்பில் ஓடியது. நின்று பார்த்தால் நகர்வதே தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒரு கோடு இறங்கியிருக்கும். நாள்பட நாள்பட அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். பத்து நாளில் கிலோவுக்கு நூறு கலோரியைத் தாண்டியது.

பொருட்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமையல்காரனாக எனக்கு வியப்பே அதில்தான். அமினோ அமிலம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. பெரியவர்களுக்கான பாட்டிலும் பச்சைக் குழந்தைக்கான பாட்டிலும் வேறு வேறு. இவளுக்குப் போட்டது அமினோவென் இன்ஃபன்ட். பச்சைக் குழந்தைக்கான கரைசல்களில் தாய்ப்பாலையோ தொப்புள்கொடி ரத்தத்தையோ முன்மாதிரியாக வைத்து அளவைச் சரிசெய்கிறார்கள். டாரின் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள், குழந்தையின் ஈரலால் சமாளிக்க முடியாத சிலவற்றைக் குறைக்கிறார்கள். காரம் குறைத்துக் குழந்தைக்குத் தனியாக எடுத்துவைக்கிற மாதிரி.

எண்ணெய் இன்னும் சுவாரசியம். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அம்மா கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, "பாலை எதுக்குடா நரம்புல ஏத்துறாங்க?" என்று பதறிவிட்டார். பால் இல்லை. எண்ணெயை முட்டை மஞ்சள்கருவிலிருந்து எடுத்த லெசித்தினை வைத்து, மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே பொடித்துத் தண்ணீரோடு கலந்தது. கலங்காமல் நிற்கிற மோர் மாதிரி. வெறும் எண்ணெய் ரத்தத்துக்குள் போனால் ஆள் காலி. இதைச் சரியாகச் செய்து காட்டியவர் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட். சோயா எண்ணெயில் அவர் செய்த இன்ட்ராலிபிட் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது, இன்றைக்கும் கிடைக்கிறது. எங்கள் குழந்தைக்கு வந்தது எஸ்எம்ஓஎஃப் லிபிட் என்கிற கலவை எண்ணெய். சோயா 30 பங்கு, தேங்காய் எண்ணெயில் இருப்பது போன்ற நடுத்தரக் கொழுப்பு 30, ஆலிவ் எண்ணெய் 25, மீன் எண்ணெய் 15.

மீன் எண்ணெய், முட்டை. எங்கள் வீட்டில்.

அம்மாவிடம் நான்கு நாள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பில்லைப் பார்த்து எதையோ கேட்கப்போய் உளறிவிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "பெருமாளே மச்சமா வந்தவர்தானே, போகட்டும்" என்றார். அன்று சாயங்காலம் தாயார் சன்னதிக்குப் போய்விட்டு வந்தார் என்று தெரியும், என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது.

விலை கூடிய இந்தக் கலவை எண்ணெய் தேவையா என்று டாக்டரிடம் கேட்டேன். நேர்மையாகச் சொன்னார்: இரண்டு வாரத்துக்கு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, மாதக்கணக்கில் போனால்தான் அது பேச்சு. குடல் வெட்டி எடுக்கப்பட்ட குழந்தைகள் மாதக்கணக்கில் இதிலேயே இருக்க வேண்டிவரும். சோயா எண்ணெய் மட்டுமே அத்தனை நாள் போனால் பித்தம் தேங்கி ஈரல் கெட்டுப்போகிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மார்க் பியூடர் என்ற அறுவை மருத்துவரும் கேத்லீன் குரா என்ற மருந்தியல் வல்லுநரும் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முழுக்க மீன் எண்ணெயால் ஆன ஒமேகாவென் கொடுத்துப் பார்த்தார்கள், மஞ்சள் இறங்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதி கொடுத்தது 2018இல். எண்ணெயை மாற்றினால் ஈரல் பிழைக்கும் என்பது எந்தச் சமையல்காரனுக்கும் புரியும். பழைய எண்ணெயில் பொரித்த வடையைத் தின்றுவிட்டு மறுநாள் என்ன ஆகும் என்று எனக்கா சொல்ல வேண்டும்?

ஆனால் இந்தச் சாப்பாட்டின் தரம் பொருளில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. இதை நான் ஒரு தற்செயலில்தான் பார்த்தேன். என்ஐசியூவுக்கு, அதாவது பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, கதவில் கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி. மதியம் இரண்டு மணிக்கு அங்கே ஒரு சிஸ்டர் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். பெட்டிக்குப் பெயர் லேமினார் ஃப்ளோ. வடிகட்டிய காற்று ஒரே சீராக உள்ளேயிருந்து வெளியே வீசிக்கொண்டே இருக்கும், தூசியோ கிருமியோ உள்ளே வர முடியாது. நாற்பது நிமிடம் அந்தப் பெண் ஒரு முறைகூட மூக்கைச் சொறியவில்லை, யாரோடும் பேசவில்லை. என் மெஸ்ஸில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நான் கல்லாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பிற்பாடு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கேரளத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். "நீங்க என்ன சார் தெனமும் கண்ணாடியிலேயே நிக்கிறீங்க?" என்றார். நான் சமையல் தொழில் என்றதும் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். முக்கியமானது வரிசை. பாஸ்பேட்டை ஆரம்பத்திலேயே போட வேண்டும், கால்சியத்தைக் கடைசியில், எல்லாம் நன்றாகக் கரைந்து நீர்த்த பிறகு. இரண்டும் கெட்டியாக ஒன்றையொன்று சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரித் திரிந்து, கண்ணுக்குத் தெரியாத மணல் ஆகிவிடும். அந்த மணல் நேராக நுரையீரலில் போய் அடைக்கும். அமெரிக்காவில் 1994இல் இதனால் இரண்டு பேர் இறந்து, எஃப்டிஏ எல்லா ஆஸ்பத்திரிக்கும் எச்சரிக்கை அனுப்பியது. எண்ணெயைத் தனி சிரிஞ்சில் வைப்பதும் இதே மாதிரிக் காரணத்துக்காகத்தான். கால்சியம் அதிகம் பட்டால் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். அதனால் இரண்டும் வெவ்வேறு டியூபில் வந்து, உடம்புக்குள் நுழையும் இடத்துக்குக் கிட்டேதான் சேரும். இரண்டு டியூபிலும் தனித்தனி வடிகட்டி. தண்ணீர்ப் பக்கத்துக்கு 0.22 மைக்ரான், எண்ணெய்ப் பக்கத்துக்கு 1.2 மைக்ரான். எண்ணெய்த் துளி பெரியது, சின்ன வடிகட்டியில் போகாது. கொதிக்கிற ரசத்தில் எலுமிச்சம்பழம் பிழியாதே, இறக்கிவைத்துவிட்டுப் பிழி என்று எங்கள் அப்பா என்னைத் தலையில் குட்டியது ஞாபகம் வந்தது.

அலுமினியம் விஷயத்தையும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டேன். நாங்கள் புளி சேர்ந்த பண்டத்தை அலுமினியப் பாத்திரத்தில் வைப்பதில்லை. இங்கேயும் அதே கதை. கண்ணாடி ஆம்பியூலில் வரும் கால்சியம் குளுகோனேட்டில் கண்ணாடியிலிருந்தே கொஞ்சம் அலுமினியம் கசிகிறது. வாய்வழி போனால் குடல் பெரும்பாலும் உள்ளே விடாது. நரம்பு வழி போனால் தடுக்க ஆளில்லை, பிஞ்சுச் சிறுநீரகத்தால் வெளியேற்றவும் முடியாது. 1997இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், பத்து நாளுக்கு மேல் சாதாரணக் கரைசல் ஏறிய குறைமாதக் குழந்தைகள், அலுமினியம் குறைத்த கரைசல் ஏறியவர்களைவிட ஒன்றரை வயதில் மூளை வளர்ச்சிச் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் குப்பியில் வரும் கால்சியத்தில் இந்தத் தொல்லை குறைவு. "எங்க கிட்ட கண்ணாடிதான் சார் வருது" என்றார் சிஸ்டர். இதற்கு அவர் என்ன செய்வார்?

வெளிநாடுகளில் மூன்று அறை கொண்ட ரெடிமேட் பைகளும் உண்டு. சர்க்கரை ஓர் அறை, அமினோ அமிலம் ஓர் அறை, எண்ணெய் ஓர் அறை. அழுத்தினால் நடுத்தடுப்பு உடைந்து கலக்கும். கைபடுவது குறைவு, கிருமி பயமும் குறைவு. ஆனால் இன்றைக்கு இந்தக் குழந்தைக்கு சோடியம் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் முடியாது. கடையில் வாங்கும் மாவுக்கும் வீட்டில் அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். நல்ல கை இருந்தால் வீட்டு மாவு. கை சந்தேகம் என்றால் கடை மாவே மேல், இதில் எனக்குத் தொழில் கர்வம் எதுவும் இல்லை.

பரிமாறும் விதத்துக்கு வருகிறேன். முதல் ஆறு நாள் தொப்புள்கொடி வழியாகவே ஒரு குழாய். வெட்டிய தொப்புளில் இருக்கும் ரத்தக்குழாய் இன்னும் மூடியிருக்காது, அதற்குள் விடுவார்கள். அப்புறம் வலது கையில் பிக் லைன், தையல் நூல் அளவுக்கு மெல்லியது. கையில் நுழைந்து நெஞ்சுக்குப் பக்கத்துப் பெரிய குழாய் வரை போகும், எக்ஸ்ரே எடுத்து முனை எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் சாப்பாட்டைத் திறந்தார்கள். சாதாரண ஊசி போடும் குழாய் வழியாக இவ்வளவு கெட்டியான கரைசலை விட்டால் ரத்தக்குழாய் வெந்துவிடும், தோலும் கருகும். மூன்றாம் நாள் சர்க்கரை 240க்கு ஏறிவிட்டது. குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் ஓட்டத்தைக் குறைத்து, மறுநாள் சரியானது. அந்தக் குதிகாலை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது புகார், வெளிச்சம். நான்காம் நாள் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். வைட்டமினும் எண்ணெயும் கலந்த கரைசலில் வெளிச்சம் பட்டால் பெராக்சைடு உண்டாகிறது. எண்ணெய் சிக்குப் பிடிக்கிறது என்று நாம் சொல்வதன் தம்பி. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கரைசலை வெளிச்சம் படாமல் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் அறிவித்தது. அங்கே சிரிஞ்சுக்கு மட்டும் அலுமினியத் தாள் சுற்றியிருந்தார்கள், நான் பார்சலுக்குச் சுற்றுகிற அதே தாள். டியூப் ஒன்றரை அடி நீளம், நீல விளக்குக்கு நேர் கீழே, அம்மணமாகக் கிடந்தது. கேட்டேன். முதலில் நான் கேட்ட சிஸ்டர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். கேரளத்து சிஸ்டர் மறுநாள் கறுப்பு நிற டியூப் கொண்டுவந்து மாட்டினார். எங்கேயோ அலமாரியில் இருந்திருக்கிறது.

மூன்றாவது, பில். எண்ணெய் 100 மில்லி பாட்டில். இவளுக்கு முதல் நாள் தேவை ஐந்தரை மில்லி, மிக அதிகமாகப் போன நாளில் 17 மில்லி. ஒரு முறை திறந்த பாட்டிலை மறுநாள் தொடக்கூடாது, அது சரியான விதி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் ஒரு முழு பாட்டில் என் கணக்கில். பக்கத்துப் பெட்டியில் இன்னொரு குழந்தை, அதற்கும் ஒரு முழு பாட்டில். இரண்டு பேரின் மீதியும் குப்பைத்தொட்டியில். கலக்கும் அறையும் அந்தப் பெட்டியும் இருக்கிற இடத்தில், எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் கலந்தால் ஒரே பாட்டில் நாலு பேருக்குப் போதும். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனி அண்டாவில் சாம்பார் வைப்பவன் உண்டா? டிபிஎன்னுக்கு மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 3,200 ரூபாய் எனக்கு ஆனது. மற்றதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனசு தாங்காது.

இரவு நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து இதை முதலில் யார் செய்தார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு முழுக்க முழுக்க நரம்பு வழியாகவே உணவு கொடுத்து வளர்த்துக் காட்டினார். கூடப் பிறந்து வாயால் தின்ற குட்டிகளுக்குச் சமமாக அவையும் வளர்ந்தன. 1967இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் சிறுகுடல் அநேகமாக இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு டக்ளஸ் வில்மோரும் அவரும் அதையே செய்தார்கள். எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை எடை ஏறியது, தலை வளர்ந்தது. அடுத்த வருடம் அந்தக் கட்டுரை வெளிவந்தது. குழந்தை ஏறக்குறைய 22 மாதம் வாழ்ந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு போனை அணைத்துவிட்டேன். அன்றைக்கு இவளுக்கு ஏழாம் நாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இவள் துவண்டுபோனாள். கையைத் தொட்டால் இழுத்துக்கொள்பவள் சும்மா கிடந்தாள். மூச்சு இரண்டு முறை நின்று, தட்டிவிட்ட பிறகு வந்தது. "லைன் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், கல்ச்சர் அனுப்பிட்டோம்" என்றார் டாக்டர். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. இந்தச் சாப்பாட்டின் பெரிய குறை இதுதான், இதை யாரும் பில்லில் எழுதுவதில்லை. சர்க்கரையும் எண்ணெயும் அமினோ அமிலமும் கலந்த தண்ணீர் என் குழந்தைக்கு எவ்வளவு நல்ல உணவோ, கிருமிக்கும் பூஞ்சைக்கும் அதைவிட நல்ல உணவு. நெஞ்சு வரை போகிற குழாய் அதற்கு ராஜபாட்டை. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். பால் நிறுத்தினார்கள். 48 மணி நேரம். நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை, அம்மா தனியாகவே பார்த்துக்கொண்டார். என் மனைவி தையல் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணிக்கொரு முறை பம்ப் வைத்துப் பால் எடுத்து, பாட்டிலில் நேரம் எழுதி, அந்த இரண்டு நாளும் ஃப்ரீசரில் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தாள். குழந்தை குடிக்கவில்லை என்று தெரிந்தும். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. காரணம் தெரியவில்லை, குழந்தைதான் தெளிந்துவிட்டாள்.

அப்புறம்தான் எனக்கு இந்த விமர்சனத்தின் அளவுகோலே கிடைத்தது. டிபிஎன் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்பது அரைக் கேள்வி. எவ்வளவு சீக்கிரம் அதை எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். நல்ல என்ஐசியூ முதல் நாளிலேயே இதை ஆரம்பித்து, முதல் நாளிலிருந்தே இதை விரட்டவும் வேலை செய்யும். விரட்டும் ஆயுதம் தாய்ப்பால். இரண்டாம் நாள் என் மனைவிக்குக் கிடைத்தது மூன்று மில்லி சீம்பால். அதைப் பஞ்சில் தொட்டு இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் தடவினார் சிஸ்டர். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுதாண்டா சேனை" என்றார். வெள்ளிச் சங்கைப் பைக்குள் வைத்துவிட்டார். மூக்குக்குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி பால் என்று ஆரம்பித்து, இரண்டு, மூன்று, ஐந்து. பால் ஏற ஏற சிரிஞ்ச் ஓட்டம் இறங்கும். இரண்டையும் ஒரே தாளில் ஏற்ற இறக்கமாக எழுதியிருந்த அந்த சார்ட்தான் ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததிலேயே அழகான காகிதம். இரண்டு மணி நேரத்துக்கு 11 மில்லி வந்த சனிக்கிழமை, கிலோவுக்கு 120 மில்லி கணக்கு ஆகிவிட்டது என்று பிக் லைனை உருவிவிட்டார்கள். அன்று எடை 1,110. பிறந்த எடையைவிட முப்பது கிராம் கூட.

பெரிய குழந்தைகள் விஷயம் வேறு. என் நண்பனின் ஆறு வயது மகன் ஐசியூவில் இருந்தபோது, "உன் பொண்ணுக்குப் போட்டாங்களே, எங்களுக்கு ஏன் போடல?" என்று என்னைக் கேட்டான். பெல்ஜியம், நெதர்லாந்து, கனடா மூன்று நாட்டில் 1,440 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வந்தது. தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு வாரம் டிபிஎன் கொடுக்காமல் காத்திருந்ததில் தொற்றும் குறைந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். ஆறு வயதுக்காரனிடம் கையிருப்பு இருக்கும். ஒரு கிலோ குழந்தையிடம் இருக்காது. டாக்டர் போடவில்லை என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்க நேர்ந்தால், யார் கலக்குகிறார்கள், எங்கே கலக்குகிறார்கள் என்று கேளுங்கள். வார்டிலேயே, ட்ராலி மேல், திறந்த வெளியில் கலக்குகிறார்கள் என்றால் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்பதில் தப்பில்லை. அமினோ அமிலம் இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள், இல்லையென்றால் வெளியே அலைந்தாவது வாங்கிக் கொடுங்கள். சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் தொடுவதற்கு முன் கை கழுவினார்களா என்று பாருங்கள், சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் இரண்டு முறை சொன்னேன், ஒரு முறை முறைத்தார்கள், ஒரு முறை கழுவினார்கள்.

நட்சத்திரம் போடும் பழக்கம் எனக்கு உண்டு. பொருளுக்கு ஐந்து. கலக்கிய கைக்கு ஐந்து, கொடுக்க முடிந்தால் ஆறு. கொள்முதலுக்கு ஒன்று. பில் எழுதியவருக்கு எதுவும் இல்லை.

ஒன்று விட்டுப்போனது. டிஸ்சார்ஜ் அன்று எங்கள் பெயரில் வாங்கி உடைக்காமல் இருந்த எண்ணெய் பாட்டில் இரண்டும் அமினோ பாட்டில் ஒன்றும் என்ஐசியூ ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியிலேயே இருந்தன. யாரும் சொல்லவில்லை, கேரளத்து சிஸ்டர்தான் கண்ணைக் காட்டினார். பில்லோடு பார்மஸியில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். பணம் கையில் தரமாட்டார்கள், கணக்கில் வர மூன்று வாரம் ஆனது. மூலப் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் செல்லாது என்கிறார்கள்.